மியூ: ஒரே முகம், இரண்டு எண்கள், ஆயிரம் மடங்கு வித்தியாசம்

மைக்ரோபுராசசர், மைக்ரோசிப், மைக்ரோ எஸ்டி கார்டு, மைக்ரோ யுஎஸ்பி என்று 'மைக்ரோ' இல்லாமல் கம்ப்யூட்டர் உலகம் இல்லை. இந்த மைக்ரோவுக்கு ஒரு சுருக்கக் குறி உண்டு. ஆங்கிலச் சின்ன 'யு' எழுத்தை எழுதி, அதன் இடது காலை மட்டும் கோட்டுக்குக் கீழே இழுத்துவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான். இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு இது நான்கு வருடமும் கூடவே வந்த எழுத்து. பிசிக்ஸ் படித்த பிளஸ் டூ மாணவர்களுக்கும் தெரியும். பெயர் மியூ. கிரேக்க மொழியின் 12ஆவது எழுத்து.

உங்கள் வீட்டிலேயே தேடிப் பாருங்கள். சீலிங் பேன் கண்டன்சரின் மேல், தைராய்டு டெஸ்ட் ரிப்போர்ட்டில், சத்து மாத்திரை அட்டையில் என்று எங்காவது இந்த மைக்ரோ ஒளிந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள். ஓரிடத்தில் மியூ, ஓரிடத்தில் 'யு', ஓரிடத்தில் 'எம்சி', இன்னோரிடத்தில் வெறும் 'எம்'. ஏன் இந்தக் குழப்பம்? இந்த எழுத்து எங்கிருந்து வந்தது, கம்ப்யூட்டருக்குள் வந்ததும் அதற்கு என்ன ஆனது, அதனால் நமக்கு என்ன பாதிப்பு என்பதைப் பார்ப்போம்.

தண்ணீரில் பிறந்த பெயர்

நாம் குழந்தைகளுக்கு 'அ' என்றால் அம்மா, 'ஆ' என்றால் ஆடு என்று படம் காட்டிச் சொல்லித் தருகிறோம். எழுத்து முதலில், படம் பிறகு. மியூவின் கதை இதற்கு நேர் எதிர். அங்கே படம்தான் முதலில் வந்தது.

பழைய எகிப்தின் சித்திர எழுத்துகளில் தண்ணீருக்கு ஓர் அலைக்கோடு உண்டு. எகிப்தியர்கள் அதை 'ன' ஒலிக்குப் பயன்படுத்தினார்கள். எகிப்தை ஒட்டிய சினாய் பாலைவனத்தில், செமிட்டிக் மொழி பேசியவர்கள் சில படங்களை எடுத்துக்கொண்டு ஒரு சுலபமான வழியைக் கண்டுபிடித்தார்கள். படத்தில் உள்ள பொருளுக்குத் தங்கள் மொழியில் என்ன பெயரோ, அந்தப் பெயரின் முதல் ஒலிதான் அந்தப் படத்தின் ஒலி. அவர்கள் மொழியில் தண்ணீருக்கான சொல் 'ம'வில் தொடங்கியது. இன்றும் ஹீப்ருவில் தண்ணீர் 'மயிம்', அரபியில் 'மா'. எனவே அலைக்கோடு 'ம' ஆகிவிட்டது. இந்தக் கல்வெட்டுகளை 1905இல் பிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆய்வாளர் சினாயில் கண்டெடுத்தார். 1916இல் ஆலன் கார்டினர் அவற்றில் ஒரு பகுதியைப் படித்துக் காட்டினார். இப்படித்தான் ஆல்பாவின் முன்னோர் மாட்டுத் தலை. பீட்டாவின் முன்னோர் வீடு. நாம் இறக்கிப் பார்க்கும் பீட்டா வெர்ஷனுக்குள்ளும் ஒரு பழைய வீடு இருக்கிறது!

இன்றைய லெபனான் கடற்கரையில் வாழ்ந்த பினீசிய வணிகர்களிடம் இந்த எழுத்து 'மேம்' என்ற பெயரோடு இருந்தது. சுமார் கி.மு. 8ஆம் நூற்றாண்டில் கிரேக்கர்கள் பினீசியரிடமிருந்து எழுத்துகளைக் கடன் வாங்கினார்கள். பெயரையும் சேர்த்தே வாங்கினார்கள். ஆனால் கிரேக்க நாக்கில் மேம் என்பது 'மு' ஆகிவிட்டது. பக்கத்து எழுத்தான 'நு'வின் பெயரோடு ஒத்துப்போகும்படி மாறியது என்பது மொழி அறிஞர்கள் சொல்லும் விளக்கம். ஆங்கிலேயர் வாயில் அது 'மியூ'. இன்றைய கிரேக்கர்களோ 'மி' என்கிறார்கள். கிரேக்கர்களுக்குத் தண்ணீர் என்ற அர்த்தம் தெரியாது. அவர்களுக்கு அது வெறும் எழுத்தின் பெயர், அவ்வளவுதான். அர்த்தம் போய்விட்டது, ஒலி மட்டும் பயணம் செய்தது.

இந்த உறவுக்கு இன்னொரு சாட்சி எண்கள். கிரேக்கர்கள் எழுத்துகளையே எண்களாகவும் பயன்படுத்தினார்கள். மியூவின் மதிப்பு 40. ஹீப்ரு மேம் எழுத்தின் மதிப்பும் 40. அரபியின் மீம் எழுத்துக்கும் அதே 40. மூன்றும் ஒரே குடும்பம். இந்த எண் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கு ஓர் எண் கொடுப்பது என்பது கம்ப்யூட்டர் வந்த பிறகு தோன்றிய யோசனை அல்ல.

'எம்' எழுத்துக்கு அடிதடி

மியூ எப்படி மைக்ரோ ஆனது? கிரேக்கத்தில் 'மிக்ரோஸ்' என்றால் சின்னது. அந்தச் சொல்லின் முதல் எழுத்து மியூ. அறிவியல் அளவுகளில் மைக்ரோ என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 1870களில் பிரிட்டன் விஞ்ஞானிகள் மெகா, மைக்ரோ இரண்டையும் அளவு முறைக்குள் கொண்டுவந்தார்கள். 1960இல் பன்னாட்டு அளவு முறையான எஸ்ஐ உருவானபோது மைக்ரோவுக்கு மியூ என்பது முறைப்படி உறுதியானது.

ஏன் ஆங்கில 'எம்' போடவில்லை? அந்த எழுத்துக்கு ஏற்கெனவே அடிதடி. மீட்டருக்குச் சின்ன எம். ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிக்கும் சின்ன எம். பத்து லட்சம் மடங்கான மெகாவுக்குப் பெரிய எம். மைக்ரோவுக்கு இடமே இல்லை. அதனால் கிரேக்கத்திடம் போனார்கள். எஸ்ஐ முறையின் முன்னொட்டுகளில் கிரேக்க எழுத்தைக் குறியாகக் கொண்டது மைக்ரோ மட்டும்தான். மற்றவை எல்லாம் ஆங்கில எழுத்துகள். இந்த ஒரு விதிவிலக்குதான் கம்ப்யூட்டர்காரர்களுக்குத் தலைவலியாக மாறியது.

மைக்ரான் என்ற சொல்லையும் கேட்டிருப்பீர்கள். மைக்ரோமீட்டருக்கு அதுதான் பழைய பெயர். 1967இல் அதிகாரபூர்வமாக நீக்கிவிட்டார்கள். ஆனால் சிப் தயாரிப்பவர்கள் விடவில்லை. 1971இல் வந்த இன்டெல் 4004 சிப் 10 மைக்ரான் தொழில்நுட்பத்தில் தயாரானது. அதில் 2,300 டிரான்சிஸ்டர்கள். 1993இல் வந்த முதல் பென்டியம் 0.8 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். இதோடு ஒப்பிட்டால் வேகம் புரியும். அதற்கும் கீழே போனதும் கணக்கு நானோமீட்டருக்கு மாறிவிட்டது. 2005இல் வந்த மியூடாரன்ட் சாப்ட்வேருக்கு இந்த எழுத்தைப் பெயரில் வைத்ததும் 'ரொம்பச் சின்ன புரோகிராம்' என்று சொல்லத்தான். டவுன்லோட் செய்த பைலின் பெயரில் மட்டும் மியூ இருக்காது. ஆங்கில 'யு' இருக்கும். அதற்கும் காரணம் உண்டு.

கீபோர்டில் இடமில்லை

டைப்ரைட்டர் காலத்தில் மியூ கிடையாது. 'யு' அடித்துவிட்டுப் பேனாவால் ஒரு கால் இழுத்துவிடுவார்கள். 1963இல் வந்த ஆஸ்கி குறியீட்டிலும் மியூவுக்கு இடமில்லை. அதில் மொத்தமே 128 இடங்கள். ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக் குறிகள், கட்டளைக் குறிகள் இவற்றோடு முடிந்துவிட்டது. எனவே எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் 'யு' எழுத்தையே மைக்ரோவாக வைத்துக்கொண்டார்கள். வடிவம் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் யாருக்கும் குழப்பம் வரவில்லை. இன்றும் சர்க்யூட் வரையும் சாப்ட்வேர்களில் '10யு' என்றால் 10 மைக்ரோ.

பேன் கண்டன்சரில் 2.5 எம்எப்டி என்று இருக்கும். இங்கே 'எம்' என்பது மில்லி அல்ல, மெகாவும் அல்ல, மைக்ரோ! பழைய காலத்து வழக்கம் அப்படியே நின்றுவிட்டது. கடைக்காரருக்குத் தெரியும் என்பதால் பிரச்சினை இல்லை.

1981இல் வந்த ஐபிஎம் பிசி இந்தக் குறையைப் போக்கியது. அதன் எழுத்து அட்டவணையில் சில கிரேக்க எழுத்துகள் இருந்தன. மியூவின் எண் 230. பிறகு 1987இல் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காக லத்தீன்-1 என்ற தரநிலை வந்தது. அதில் டிகிரி குறி, ஸ்கொயர் குறி, கியூப் குறி இவற்றோடு மைக்ரோ குறியையும் சேர்த்தார்கள். அதன் எண் 181. கவனியுங்கள், இங்கே அது கிரேக்க எழுத்தாக வரவில்லை. அளவுக் குறியாக வந்தது.

ஒரே முகம், இரண்டு எண்

கிரேக்கர்களுக்கு அவர்கள் மொழியை எழுதத் தனி அட்டவணை இருந்தது. அதில் மியூ ஓர் எழுத்தாக இருந்தது. விண்டோஸின் கிரேக்க அட்டவணையில் இன்னும் வேடிக்கை. மைக்ரோ குறி ஓரிடத்திலும், மியூ எழுத்து வேறோரிடத்திலும் தனித்தனியாக இருந்தன.

1991இல் யுனிகோட் வந்தது. உலகத்து எழுத்துகள் அனைத்துக்கும் தனித்தனி எண் என்பது அதன் கொள்கை. ஆனால் பழைய பைல்கள் கெடக்கூடாதே! எனவே லத்தீன்-1 அட்டவணையின் 256 இடங்களை அப்படியே தூக்கி முதலில் வைத்தார்கள். மைக்ரோ குறிக்கு அதே 181 கிடைத்தது. கிரேக்க எழுத்துகளைத் தனிப் பகுதியில் வைத்தார்கள். அங்கே மியூவுக்கு 956 கிடைத்தது. பெரும்பாலான பாண்ட்களில் இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுதான். அச்செடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

கம்ப்யூட்டர் முகம் பார்ப்பதில்லை, எண்தான் பார்க்கிறது. அதற்கு 181 வேறு, 956 வேறு. ஜெர்மன் கீபோர்டிலும் மேக்கின்டோஷிலும் மைக்ரோ அடித்தால் வருவது 181. கிரேக்க கீபோர்டில் அடித்தால் வருவது 956. இருவரும் ஒரே டேட்டாபேஸில் பதிவு செய்தால், ஒருவர் தேடும்போது மற்றவர் அடித்தது வராமல் போகலாம். சில சாப்ட்வேர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தேடித் தரும். சில தராது. எது தரும், எது தராது என்று பயன்படுத்துபவருக்குத் தெரிய வழியில்லை. அதுதான் ஆபத்து.

மியூ தொலைந்துபோகும் நான்கு வழிகள்

தேடல் கிடைக்கவில்லை என்றால் பரவாயில்லை, மறுபடி தேடலாம். குறியே வேறொன்றாக மாறிவிட்டால்? அது இப்படி நடக்கிறது.

முதல் வழி, சிம்பல் பாண்ட். விண்டோஸில் சிம்பல் என்ற பாண்டைத் தேர்ந்தெடுத்து 'எம்' கீயைத் தட்டினால் மியூ தெரியும். தெரிவதுதான் மியூ, உள்ளே இருப்பது 'எம்'. பழைய வெப் பக்கங்கள் பலவற்றை இப்படித்தான் தயாரித்தார்கள். அந்த வாக்கியத்தைக் காப்பி செய்து சாதாரண டெக்ஸ்ட்டாக ஒட்டினால் பாண்ட் போய்விடும். 100 மைக்ரோகிராம் என்பது 100 மில்லிகிராம் ஆகிவிடும். பாமினி பாண்டில் அடித்த தமிழ்க் கடிதத்தை அந்த பாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நிற்கும். இதுவும் அதே நோய்தான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். பாமினியில் கெட்டுப்போனது உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். இங்கே கெட்டுப்போனதும் ஒழுங்காக இருப்பது போலவே தெரியும்.

இரண்டாவது வழி, ஏழு பிட். முன்பு சில மெயில் சர்வர்கள் ஒவ்வோர் எழுத்தின் எட்டாவது பிட்டையும் வெட்டிவிட்டு அனுப்பின. அதாவது 128ஐக் கழித்துவிடும். 181இல் 128 போனால் மீதி 53. ஆஸ்கியில் 53 என்பது எந்த எழுத்து தெரியுமா? 5 என்ற எண்! '10' என்ற எண்ணோடு ஒட்டி மைக்ரோகிராம் குறி போட்டு அனுப்பினால், அந்தப் பக்கம் '105 கிராம்' என்று போய்ச் சேரும். நல்ல வேளையாக இந்த வகை சர்வர்களின் காலம் முடிந்துவிட்டது.

மூன்றாவது வழி, யுடிஎப்-8 குழப்பம். இந்த முறையில் மைக்ரோ குறியை இரண்டு பைட்டாகச் சேமிப்பார்கள். அதைப் பழைய முறை என்று நினைத்துத் திறந்தால், மியூவுக்கு முன்னால் தலையில் கூரை போட்ட ஓர் 'ஏ' எழுத்து கூடுதலாக நிற்கும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் இது ஆபத்து குறைந்தது. ஏதோ தவறு என்று உடனே தெரிந்துவிடும்.

நான்காவது வழிதான் மிகவும் நயவஞ்சகமானது. கேப்பிட்டல் எழுத்து. யுனிகோட் விதிப்படி 181, 956 இரண்டுக்கும் கேப்பிட்டல் எழுத்து ஒன்றே, எண் 924. அது கிரேக்கப் பெரிய மியூ. பார்ப்பதற்கு ஆங்கிலப் பெரிய 'எம்' மாதிரியே இருக்கும். வெப் பக்கத்தில் தலைப்பை எல்லாம் கேப்பிட்டல் ஆக்கு என்று ஒரு வரி கட்டளை கொடுத்தால் போதும். மைக்ரோகிராம் குறி 'எம்ஜி' என்று திரையில் வந்து நிற்கும். பிரவுசர் தப்பு செய்யவில்லை. விதிப்படிதான் நடக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கான ரிப்போர்ட் சாப்ட்வேரில் இதை நேரிலேயே பார்த்தேன். ரிப்போர்ட்டின் டிசைன் வெளியிலிருந்து வந்திருந்தது. டேபிளின் தலைப்பும் அலகும் கேப்பிட்டலில் வரும்படி அமைத்திருந்தார்கள். ரத்தத்தில் இரும்புச் சத்தின் அளவை ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று சொல்வார்கள். சோதனைக்காக எடுத்த முதல் பிரிண்ட்டில் அது மில்லிகிராம் போலவே வந்தது. எங்கள் டெஸ்ட்டிங் டீமில் இருந்த மேடம் ஒருவர் பழைய ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதால் கண்டுபிடித்தார். நோயாளி யாரிடமும் போவதற்கு முன்பே சரி செய்தோம். டாக்டராக இருந்தால் '90 மில்லிகிராம் இரும்பா, இருக்கவே முடியாதே' என்று உடனே பிடித்துவிடுவார். ஆனால் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வீட்டில் வைத்து இன்டர்நெட்டில் தேடிப் பார்ப்பவர் என்ன செய்வார்? அதை நினைத்தால்தான் பயமாக இருந்தது.

மாத்திரை அட்டையில் ஏன் மியூ இல்லை?

மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். கையால் எழுதும்போதும் மியூவை 'எம்' என்று படித்துவிட முடியும். இதனால் அமெரிக்காவில் மருந்துப் பாதுகாப்புக்காக இயங்கும் ஐஎஸ்எம்பி என்ற அமைப்பு, தவறாகப் படிக்க வாய்ப்புள்ள சுருக்கங்களின் பட்டியலில் மைக்ரோகிராமின் மியூ குறியையும் சேர்த்திருக்கிறது. அதற்குப் பதிலாக 'எம்சிஜி' என்று எழுதச் சொல்கிறது.

எஸ்ஐ விதிப்படி எம்சிஜி என்பது முறையான குறி அல்ல. இன்ஜினியரிங் காலேஜில் அப்படி எழுதினால் மார்க் குறைத்துவிடுவார்கள். ஆனால் உயிர் என்று வரும்போது விதியைவிடத் தெளிவு முக்கியம். மருந்துத் துறை எடுத்த முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன். நம் ஊர் தைராய்டு மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். 25 எம்சிஜி, 50 எம்சிஜி, 100 எம்சிஜி என்றுதான் இருக்கும். பி12 மாத்திரையில் 1500 எம்சிஜி என்று இருந்தால் அது 1.5 மில்லிகிராம்.

தைராய்டு பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டிஎஸ்எச் டெஸ்ட் ரிப்போர்ட்டில் சில லேப்களில் ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை மைக்ரோ யூனிட் என்று இருக்கும். அதையே சில இடங்களில் மியூவுக்குப் பதில் 'யு' போட்டு அடித்திருப்பார்கள். வேறு லேப்களில் ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லி யூனிட் என்று இருக்கும். இங்கே மைக்ரோ, மில்லி என்று மாறியதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கீழே உள்ள அளவும் ஆயிரம் மடங்கு மாறியிருப்பதால் இரண்டும் சமம். எண்ணை அப்படியே ஒப்பிடலாம். அலகைப் படிக்கும்போது குறுக்குக் கோட்டுக்கு மேலே உள்ளதை மட்டும் பார்க்காமல் கீழே உள்ளதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

1. விண்டோஸில் மைக்ரோ குறி வேண்டுமா? நம் லாக் போட்டுவிட்டு, ஆல்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது பக்க எண் கீகளில் 0181 அடித்து விடுங்கள். எண் கீகள் இல்லாத லேப்டாப்பில் கேரக்டர் மேப் புரோகிராமைத் திறந்து காப்பி செய்துகொள்ளலாம்.

2. வெப் பக்கம் எழுதுபவர்கள் &#181; என்று கொடுத்தால் மைக்ரோ குறியும், &#956; என்று கொடுத்தால் கிரேக்க மியூவும் வரும். யுனிகோட் அமைப்பு 956ஐத்தான் விரும்பத்தக்கது என்கிறது. எதை எடுத்தாலும் ஒரு புராஜெக்ட் முழுவதும் ஒன்றையே பயன்படுத்துங்கள்.

3. உங்கள் பைலில் இருப்பது எது என்று சந்தேகமா? எக்ஸெல் 2013 முதல் யுனிகோட் என்ற பெயரிலேயே ஒரு பங்ஷன் இருக்கிறது. அந்தக் குறியை மட்டும் ஒரு செல்லில் ஒட்டி, பக்கத்து செல்லில் இந்த பங்ஷனைக் கொடுத்தால் 181 அல்லது 956 என்று சொல்லிவிடும். 109 என்று வந்தால் அது சாதாரண 'எம்'. உடனே விழித்துக்கொள்ளுங்கள்.

4. புரோகிராமர்களுக்கு: எல்லாவற்றையும் ஒரே வடிவமாக்கும் என்எப்கேசி என்ற முறை 181ஐ 956ஆக மாற்றித் தரும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தாதீர்கள். அது ஸ்கொயர் குறியையும் சாதாரண 2 ஆக்கிவிடும். பத்தின் ஸ்கொயர் 102 ஆகிவிடும்! மியூவை மட்டும் தனியாக மாற்றுவதே பாதுகாப்பு. ஓம் குறிக்கும் இதே இரட்டைப் பிறவிச் சிக்கல் உண்டு. ஓம் குறி 8486, கிரேக்க ஒமேகா 937.

5. அலகு வரும் இடத்தில் கேப்பிட்டல் ஆக்கும் கட்டளையை ஒருபோதும் கொடுக்காதீர்கள். மியூவுக்கு மட்டுமல்ல, மில்லியும் மெகாவும்கூட அதில் ஒன்றாகிவிடும்.

6. எஸ்எம்எஸ்ஸில் மருந்து அளவு அனுப்பும்போது குறி வேண்டாம், 'மைக்ரோகிராம்' என்று முழுதாக எழுதுங்கள். மொபைலின் அடிப்படை எஸ்எம்எஸ் எழுத்துத் தொகுப்பில் சில கிரேக்கப் பெரிய எழுத்துகள் உண்டு, மைக்ரோ குறி கிடையாது. ஒரே ஒரு மைக்ரோ குறி சேர்த்தாலும் ஒரு மெசேஜின் அளவு 160 எழுத்திலிருந்து 70 எழுத்தாகக் குறைந்துவிடலாம்.

தமிழிலும் ஒரு மியூ

இது ஏதோ கிரேக்க எழுத்தின் பிரச்சினை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் ஔவையார் என்று அடித்துப் பாருங்கள். முதல் எழுத்தான 'ஔ' ஒரே எழுத்து. அதன் யுனிகோட் எண் 2964. ஆனால் பலர் 'ஒ' அடித்துவிட்டுப் பக்கத்தில் 'ள' அடித்துவிடுகிறார்கள். எண்கள் 2962, 2995. பெரும்பாலான பாண்ட்களில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். கம்ப்யூட்டருக்கோ அது 'ஒளவை', இது 'ஔவை', இரண்டும் வேறு வேறு ஆட்கள். 'கௌரி' என்ற பெயரைக் 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' சேர்த்து அடிப்பதும் இதே கதை. தமிழ் எண் ஒன்று 'க' போலவும், இரண்டு 'உ' போலவும், ஏழு 'எ' போலவும் இருப்பதும் இந்த வகைதான்.

ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், பத்திரப் பதிவு என்று நம் பெயர்கள் தமிழில் கம்ப்யூட்டரில் ஏறிக்கொண்டே இருக்கின்றன. கௌரி என்பவரின் பெயர் தவறான எழுத்துச் சேர்க்கையில் ஏறிவிட்டால், சரியாக அடித்துத் தேடும்போது 'அப்படி யாரும் இல்லை' என்ற பதில் வரக்கூடும். திரையில் பெயர் கண்ணெதிரே இருக்கும், தேடலில் இருக்காது. அடுத்த முறை உங்கள் பெயரை யாராவது தமிழில் பதிவு செய்தால், திரையில் சரியாகத் தெரிகிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு முறை தேடிக் காட்டச் சொல்லுங்கள். தேடலில் வந்தால்தான் பெயர் சரியாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.